முள்ளந்தண்டுப் பாடம்: அகக்காழும் புறக்காழும்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை கேட்டனர். சமயம், இலக்கியம், கல்லூரி வரலாறு ஆகியவற்றை எழுத வல்லார் நம் பழைய மாணவருட் பலர் உளர். ஆதலின் அவற்றை அவர்க்கே விட்டு, நாம் நெடுங்காலம் தொழிலாகக் கொண்டிருந்த ஆரம்ப வகுப்புக் கல்வியில் ஒரு சிறு பாடத்தை எடுத்துக்கொண்டோம். முள்ளந்தண்டுள்ள விலங்குகள், முள்ளந்தண்டில்லாத விலங்குகள் என்னும் பாடம் அது. பழைய மாணவருள் ஆசிரியராயிருப்போர்க்கும், மாலையிற் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்க்கும் இது பயன்படக்கூடும்.

பாடம் எளிதுபோலவே தோன்றும். ஒரு பக்கத்தில் மீன், தவளை, பாம்பு, காகம், பசு. மறுபக்கத்தில் மண்புழு, நத்தை, நண்டு, எறும்பு, சிலந்தி. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் இரண்டு நிரல்களையும் தட்டின்றி ஒப்புவித்துவிடும். ஆசிரியரும் மகிழ்வார், பெற்றோரும் மகிழ்வர். நிரலில் இல்லாத ஒன்றைக் கேட்டால்தான் கால் வழுக்கும். பல்லி எந்தப் பக்கம், ஆமை எந்தப் பக்கம், இறால் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தவர்க்கு இது தெரியும்.

ஒருமுறை, புத்தகத்தைத் திறக்குமுன்பே, பன்னிரண்டு விலங்குகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, அவற்றை இரண்டாகப் பிரிக்குமாறு வகுப்பிற்குச் சொன்னோம். பாதிப் பேர் பாம்பை மண்புழுவோடு சேர்த்தனர். ஏனென்று வினவியபொழுது, ஒரு சிறுமி எழுந்து, "எலும்பு இருந்தா அது எப்பிடி சேர் அப்பிடி வளையும்?" என்றாள். ஆமையை நத்தையோடு சேர்த்தவர் இன்னும் அதிகம். இரண்டும் ஓட்டுக்குள் ஒளிகின்றன அன்றோ? நண்டை முள்ளந்தண்டுப் பக்கத்தில் எழுதிய ஒருவன், "கல்லுப்போல இருக்குது, எலும்பில்லாமல் அப்பிடி இருக்குமோ?" என்று எம்மையே கேட்டான்.

இம்மூன்று விடைகளும் பிழை. ஆயின் மூன்றிலும் சிந்தனை உண்டு. வளைவது மெலிது, மெலிதில் எலும்பில்லை என்பது முதலாவது. ஓடு கண்டவிடத்து உறவு கருதுவது இரண்டாவது. வன்மை கண்டவிடத்து எலும்பு கருதுவது மூன்றாவது. நிரலை மனனஞ் செய்த பிள்ளையிடம் இத்தகைய பிழை தோன்றாது. இத்தகைய சிந்தனையும் தோன்றாது. ஆதலால், இப்பாடத்தின் வேலை நிரலைக் கொடுப்பதன்று, இம்மூன்று பிழைகளையும் வெளியே வரச்செய்து திருத்துவதே என்று கொண்டோம்.

திருத்துவதற்கு ஒரு கருவி வேண்டும். அதனை நாம் விஞ்ஞான நூலிலன்றி இலக்கணநூலிற் கண்டோம். தொல்காப்பிய மரபியலில், புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் பிரித்துரைக்கும் இடமொன்றுண்டு. காழ் என்பது வைரம். பனை, தெங்கு, கமுகு முதலியன புறக்காழ் என்பது உரைமரபு. பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியிற் பிறந்தவர். தொல்காப்பியத்திற்கு உரைவிளக்கக் குறிப்பெழுதிய கணேசையர் புன்னாலைக்கட்டுவனார். நல்லூரிலிருந்து இரண்டு ஊர்களும் சைக்கிளிற் சென்று மீளுந் தூரமே. அவர்கள் காத்துத் தந்த நூலை ஐந்தாம் வகுப்பு விலங்கியற் பாடத்திற்கு எடுத்தாண்டதை அவர்கள் பொறுத்துக்கொள்வர் என்று நம்புகிறோம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பனையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பனையைத் தறித்தால் வெளிப்புறம் கோடரியைத் திருப்பும் வைரம். உள்ளே மெத்தென்ற சோற்றி. அச்சோற்றியை அகழ்ந்தெடுத்துத்தான் நம் முன்னோர் பீலி செய்து தோட்டத்திற்கு நீர் பாய்ச்சினர். வேம்பையோ பலாவையோ தறித்தால் நிலைமை மாறும். வெளியே வெள்ளை, நடுவே வைரம். தச்சர் வெள்ளையைச் செதுக்கி எறிந்து வைரத்தை எடுப்பர். இதனைச் சொல்லி, "நண்டு பனையோ வேம்போ?" என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் "பனை!" என்றது. "நீங்கள்?" என்றோம். சிறிது நேரம் மௌனம். பின்பு ஒருவன் தன் கையைக் கிள்ளிப் பார்த்து, "வேம்பு" என்றான். வாழை எது என்று இன்னொருவன் தானே கேட்டான். வெளியேயும் வைரமில்லை, உள்ளேயும் வைரமில்லை. அது மண்புழு என்று அவர்களே முடிவு செய்தனர்.

ஒப்புமை இவ்வளவில் நில்லாது மேலுஞ் செல்லும். வேம்பு ஆண்டுதோறும் பருக்கும். பனை உயருமேயன்றி அவ்வாறு பருப்பதில்லை. நண்டின் நிலைமை இன்னுங் கடினம். அதன் புறவோடு உடலோடு வளராது. ஆகவே நண்டு வளரவேண்டுமாயின் ஓட்டை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிய ஓடு வன்மையுறும்வரை மெல்லுடலோடு ஒளிந்திருத்தல் வேண்டும். இறாலுக்கும், கரப்பான்பூச்சிக்கும், சிலந்திக்கும் இதுவே விதி. பண்ணைக் கடற்கரையிற் கிடக்கும் நண்டுக்கூடுகளுட் சில இறந்த நண்டின் உடலல்ல, வளர்ந்த நண்டின் பழஞ் சட்டை என்று சொன்னபொழுது, பிள்ளைகள் அடைந்த வியப்பை மறக்க முடியாது. எலும்போ உடலினுள்ளே இருந்து உடலோடு வளர்வது. சட்டையைத்தான் மாற்றவேண்டும், வீட்டு வளையை மாற்றவேண்டியதில்லை.

இனிப் பாம்பின் வினாவுக்கு வருவோம். இதற்கு நாம் கையாண்டது பப்பாசி இலைத்தண்டு. அதன் குழலை மூன்று நீளத் துண்டுகளாக வெட்டி ஒரு கயிற்றிற் கோத்தோம். இன்னொரு குழலை விரற்கடையளவு துண்டுகளாக வெட்டி வேறொரு கயிற்றிற் கோத்தோம். முதலாவது இரண்டு இடத்தில் மடிந்தது. இரண்டாவது பாம்புபோலச் சுருண்டது. இரண்டிலும் துண்டு ஒவ்வொன்றும் வன்மையானதே. எந்தத் துண்டும் வளையவில்லை. வளைந்தது மூட்டு. பாம்பு வளைவது எலும்பில்லாமையாலன்று, எலும்பு மிகுதியாலேயே என்பது அப்பொழுது விளங்கிற்று. மனிதனுக்குப் பிறப்பில் 33 முள்ளென்புகள். வளர்ந்தபின் கீழ்ப்பகுதியிலுள்ளவை ஒன்றுபட்டு 26 ஆகும். பாம்புக்கோ இருநூறுக்கு மேல். சில இனங்களில் நானூறு வரையும் உண்டு. இடையே ஒரு செய்தி: மனிதன் கழுத்தில் 7 முள்ளென்பு, எலியின் கழுத்திலும் 7, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் 7. இதனை எந்தப் பிள்ளையும் ஒருமுறை கேட்டாற் போதும், பரீட்சைக்கு வராவிட்டாலும் மறப்பதில்லை.

குழலுக்குள் கயிறு சென்றதுபோல முள்ளென்புகளினூடே முண்ணாண் செல்கிறது. மூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் ஆணையும், கைகால்களிலிருந்து மூளைக்குச் செல்லும் நோவும் அவ்வழியே போகும். முள்ளந்தண்டு உடலைத் தாங்குந் தூண் மட்டுமன்று, அந்நாணைக் காக்கும் உறையுமாம். இதனைச் சொல்லாது விட்டால் பாடம் பாதிதான்.

ஆமைக்கு விடை சுருக்கமானது. சில படக்கதைகளில் ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போகும். மெய்யான ஆமையால் அது முடியாது. அதன் முதுகோட்டின் உட்புறத்தில் முள்ளந்தண்டும் விலாவென்புகளும் ஓட்டோடு ஒன்றாய் இணைந்திருக்கின்றன. வீட்டின் கூரையும் முகட்டு வளையும் ஒன்றாகிவிட்ட நிலைமை அது.

சொல்லாற் பிள்ளைகள் மயங்குவதும் உண்டு. மீனின் எலும்பை நாம் முள் என்கிறோம். ஆதலால் முள்ளந்தண்டு என்றதும், "மாட்டுக்கும் முள்ளிருக்கோ?" என்று கேட்கும் பிள்ளை ஆண்டுதோறும் ஒன்று இருக்கும். நட்சத்திரமீன், சொறிமீன், கணவாய்மீன் ஆகிய மூன்றும் மீனல்ல, மூன்றுக்கும் முள்ளந்தண்டுமில்லை. ஆயினும் பெயர் மீனென்றே வழங்குகிறது. இரவிற் பாம்பின் பெயரைச் சொல்லலாகாதென்று பூச்சி என்னும் வீடுகளும் உண்டு. வழக்கைப் பழிக்கவேண்டியதில்லை, வழக்கு வேறு, வகுப்பு வேறு என்று காட்டினாற் போதும். உடலின் உறுப்புகளைத் தமிழிற் பெயரிட்டுக் கற்பிப்பது நம் நாட்டிற் புதியதுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், தம் மாணவர் துணையோடு மேனாட்டு உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. அந்நூலின் சொற்கள் பல இன்று வழக்கிழந்தன. எனினும் தமிழில் இது முடியும் என்பதை அவர்கள் அன்றே காட்டிவிட்டனர்.

இங்கே எம் பிழையொன்றையும் எழுதல் வேண்டும். சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பில்லை என்று படித்திருந்த நாம், ஆகவே அவற்றிற்கு முள்ளந்தண்டில்லை என்று ஒருநாள் வகுப்பிற் சொல்லிவிட்டோம். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் கையுயர்த்தினான். கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் வாய் திறப்பது அரிது. "இல்லை சேர். திருக்கைக்கும் நடுவிலை தண்டு இருக்கு. வெட்டேக்கை நான் பாத்திருக்கிறன். எலும்புபோல இல்லை, கடிக்கலாம்" என்றான். வகுப்பு சிரித்தது. நாம் வீட்டிற்குச் சென்று நூலைப் புரட்டினோம். அவன் சொன்னதே சரி. அவற்றின் தண்டு என்பாலாகாது கசியிழையத்தால், அதாவது நம் காதுமடலில் உள்ளதை ஒத்த பொருளால், ஆனது. ஆயினும் அது கணுக்கணுவாய் அமைந்த முள்ளந்தண்டே. மறுநாட் காலை, முதல் மணிக்கே, அவனை முன்னே அழைத்து, சேர் சொன்னது பிழை, இவன் சொன்னது சரி என்று வகுப்பிற்கு அறிவித்தோம். அதன்பின் அவன் பின்வாங்கில் இருக்கவில்லை.

கணவாய் இதற்கு மறுதலை. அதன் உடலினுள்ளே வெண்மையான ஓடொன்றுண்டு; நாட்டு மருந்துக் கடையிற் கடல்நுரை என்று விற்பது அதுவே. உள்ளே வன்மையிருத்தலால் இது அகக்காழன்றோ, ஆகவே முள்ளந்தண்டு விலங்கன்றோ என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்கவேண்டும். இவ்விடத்தில் எம் பனை வேம்பு ஒப்புமை முறிகிறது, முறிவதை மறைக்கலாகாது. அவ்வோடு ஒரே துண்டு, மணிமணியாய்க் கோத்ததன்று, அதனூடே நாண் செல்வதுமில்லை. நீரில் மிதப்பதற்கு உதவும் பஞ்சு போன்ற பொருள் அது. ஆகவே உள்ளே வன்மையிருந்தாற் போதாது. கோத்த மணியா, நாண் உண்டா என்று பார்த்தல் வேண்டும். ஒப்புமை படலையைத் திறக்கும்; வீட்டுக்குள் நாமே நடந்து போகவேண்டும்.

தொல்காப்பியத்தைச் சொன்னதும், முள்ளந்தண்டுப் பாகுபாட்டையும் தமிழர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையிற் பேசுவார் சிலர் உளர். மரபியல் உயிர்களை அறிவின் தொகையால் ஆறாகப் பிரிக்கிறது. ஈரறிவுக்கு நந்தும் முரளும், மூவறிவுக்குச் சிதலும் எறும்பும், நான்கறிவுக்கு நண்டும் தும்பியும் எடுத்துக்காட்டு. இவ்வாறுக்கும் முள்ளந்தண்டில்லை என்பது உண்மையே, கண்டு மகிழத்தக்கதுமாம். ஆயினும் அங்கே அளவுகோல் புலன், எலும்பன்று. எறும்புக்குக் கண்ணுண்டென்றும் இன்று அறிவோம். முன்னோர் கூர்ந்து நோக்கினர், பெயரிட்டனர், வரிசைப்படுத்தினர். அம்மூன்றையும் நம் பிள்ளைகளுஞ் செய்தாற் போதும். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வதால் உள்ள பெருமை குறைகிறது.

முள்ளந்தண்டிலி என்னும் பெயரும் சிறிது எச்சரிக்கையோடு வழங்கத்தக்கது. பாரிசு நகரத்துக் காட்சிச்சாலையிற் பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் பேராசிரியராயிருந்த லமார்க், 1801இல் வெளியிட்ட நூலில் இவ்விலங்குகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது இல்லாமையால் வந்த பெயர். சிலந்தியும் சங்கும் கடலட்டையும் முள்ளந்தண்டு இல்லை என்ற ஒன்றால் உறவினராகிவிடா. நட்சத்திரமீன் எறும்பைவிட நமக்கே நெருங்கிய உறவு என்று விலங்கியலார் கொள்வர். தொகையில் நாமே சிறுபான்மை. முள்ளந்தண்டுள்ள இனங்களுள் அறியப்பட்டவை ஏறக்குறைய 70,000. பூச்சியினம் மட்டுமே பத்து இலட்சம். நூறு விலங்கினத்தில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை தண்டில்லாதவை.

நல்லூர்ப் பிள்ளைக்கு இதனைக் காட்டக் கந்தசுவாமி கோயில் வீதியே போதும். மயில், சேவல், யானை, பாம்பு யாவும் முள்ளந்தண்டுள்ளவை. ஊதுஞ் சங்கும், உடுத்தும் பட்டும், அணியும் முத்தும், அபிடேகத் தேனும் தண்டில்லாத உயிர்கள் தந்தவை. முதலில் இதனை விளையாட்டாகச் சொன்னோம். பின்பு பிள்ளைகளே திருவிழாவிற்குப் போய்வந்து நிரலை நீட்டினர்.

கோயிலைச் சொன்னதால், இப்பாடத்தில் எமக்குள்ள ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறோம். தொழிலிற் புகுந்த புதிதில், பாடம் மனத்திற் பதியவேண்டுமென்னும் ஆர்வத்தால், உயிருள்ள தவளையொன்றைப் பிடித்துவந்து, வகுப்பின் முன்னே கொன்று அறுத்துக் காட்டினோம். முள்ளந்தண்டு தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் நெருங்கி நின்று பார்த்தனர். ஒருவன் மட்டும் வெளியே போய் மதிலோரம் நின்றான். அழைத்தபொழுது வந்து, "அதுக்கும் முதுகு நொந்திருக்குமோ சேர்?" என்று கேட்டான். முண்ணாண் வழியே நோவு செல்கிறது என்று சிறிது நேரத்திற்கு முன் சொல்லிக்கொடுத்தவர் நாமே. விடை எமக்குத் தெரியும். சொல்ல வாய் எழவில்லை. அவன் அன்று கொப்பியிற் படம் வரையவில்லை. நாமும் வரையச் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு முள்ளந்தண்டைக் காட்ட ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை என்று அன்று துணிந்தோம். பல்கலைக்கழகத்தில் மருத்துவங் கற்பார் வழி வேறு. அதை நாம் பேசவில்லை.

கொல்லாமற் காட்ட வழி பல. முதற்பொருள் பிள்ளையின் சொந்த முதுகே. குனிந்து நின்று, பக்கத்துப் பிள்ளை விரலால் தடவினால், மணிமணியாய் எண்ணலாம்; கழுத்தின் அடியில் மேலெழுந்து தோன்றுவது பெரும்பாலும் ஏழாவது முள்ளென்பு. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மீன்முள்ளை வகுப்பிற்குக் கொண்டுவரச் சொல்ல முடியாது. சைவ உணவினர் வீட்டுப் பிள்ளைக்கு என்றுமே சொல்லலாகாது. முதுகோ எல்லார்க்கும் உண்டு. அடுத்தது கதவிடுக்கில் நசிந்து காய்ந்த பல்லி. எவ்வீட்டிலும் ஆண்டுக்கு ஒன்றாவது அகப்படும். சீப்புப் போன்ற விலாவும் நடுத்தண்டும் வாலின் நுனிவரை தெரியும். இவற்றோடு பனங்குரும்பைகளைத் துளையிட்டு, இடையிடையே பழைய சைக்கிள் டியூப் வெட்டுகளை வைத்துக் கோத்தால், முள்ளென்பும் இடைத்தட்டுமாய் ஒரு தண்டு ஆயத்தம். குரும்பை வண்டில் செய்து விளையாடிய கைகளுக்கு இது வேலையே அன்று.

பாடத்தின் முடிவில், வீட்டிலிருந்து பொருளொன்று கொண்டுவருமாறு சொல்வது எம் வழக்கம். உயிருள்ளது கூடாது என்பது மட்டுமே விதி. சங்கு, சிப்பி, நண்டுக்கூடு, பாம்புச் செட்டை, கோழியின் கழுத்தெலும்பு என்று மேசை நிறையும். ஓராண்டு, கிணறு வெட்டிய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லொன்று கொண்டுவந்தது. வெறுங் கல்லை ஏன் கொண்டுவந்தாய் என்று மற்றவர் நகைத்தனர். திருப்பிப் பார்த்தால், சிப்பியின் வரிகள் அச்செடுத்தாற்போலப் பதிந்திருந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். ஆழமற்ற கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடும் கூடும் படிந்து இறுகியது. நம் கிணற்று நீர் அக்கல்லின் வெடிப்புகளில்தான் தங்குகிறது. கோட்டை மதிலின் முருகைக்கல்லும் முள்ளந்தண்டற்ற பவள உயிர்கள் கட்டியதே. இதனைச் சொல்லி முடித்ததும், அக்கல்லைக் கரும்பலகையில் எந்தப் பக்கம் எழுதுவது என்று வகுப்பில் வழக்கு எழுந்தது. கல் விலங்கல்ல, எழுதவே கூடாது என்றனர் சிலர். விலங்கு செய்தது, எழுதத்தான் வேண்டும் என்றனர் மற்றவர். மணி அடித்துவிட்டது. கல்லைக் கொண்டுவந்த பிள்ளை அதனைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. எம் மேசையில் கடதாசிகள் பறவாதிருக்க இன்றும் அதுவே இருக்கிறது.